கொழுப்பு மாத்திரை: யாருக்கு அவசியம், என்ன பக்கவிளைவு, நிறுத்தலாமா?

அரசாங்க கிளினிக்கில் மருந்து வாங்கி வரும் நம்மவர்களின் பையில் ரத்த அழுத்த மாத்திரையும் இனிப்புநீர் மாத்திரையும் இருக்கும். அவற்றோடு பெரும்பாலும் ஒரு கொழுப்பு மாத்திரையும் இருக்கும். முதல் இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிடுபவர்கள்கூட மூன்றாவதை அலமாரியிலேயே விட்டுவிடுகிறார்கள். 'தசையைத் தின்றுவிடும்', 'கல்லீரல் கெட்டுப்போகும்', 'ஒருமுறை தொட்டால் சாகும்வரை விடாது' என்று கோவிலிலும் கல்யாண வீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் பேச்சு உலவுகிறது. மறுபக்கம், ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தைப் பார்த்ததுமே பயந்து, யாரோ சொன்னார்கள் என்று மாத்திரையைத் தாங்களே வாங்கிச் சாப்பிடுபவர்களும் உண்டு.

இரண்டுமே தவறு. இந்த மாத்திரையால் சிலருக்குக் கிடைக்கும் பலன் மிகப் பெரியது, சிலருக்குச் சிறியது. பக்கவிளைவும் உண்டு. ஆனால் ஊரில் பேசப்படும் அளவுக்கு இல்லை. ஜொகூரில் தோட்டத்திலும் தாமானிலும் வாழும் நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

நம்மவர்கள் ஏன் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்?

இந்தியர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்ற செய்தி புதியதல்ல. டாக்டர் டி. ஜே. டானராஜும் அவருடைய குழுவினரும் சிங்கப்பூரில் நடந்த பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை இனவாரியாக ஆராய்ந்து, 1959-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதய ரத்தக்குழாய் நோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம் மிக அதிகமாக இருப்பதை அது காட்டியது. அந்த டானராஜ்தான் பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தின் முதல் டீனாகப் பொறுப்பேற்றவர். 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் தகவல்களும் இதையே சொல்கின்றன. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது. மற்றவர்களுக்கு அது ஏறக்குறைய 59 வயது. குடும்பத்தைத் தாங்கும் வயதில் ஆறு ஆண்டுகள் முந்திக்கொள்வது சிறிய விஷயமல்ல.

சுகாதார அமைச்சின் தேசிய சுகாதார ஆய்வு 2019-இல் மலேசியப் பெரியவர்களில் 38.1 விழுக்காட்டினருக்கும், 2023-இல் 33.3 விழுக்காட்டினருக்கும் கொழுப்பு அதிகமாக இருப்பதைக் கண்டது. அதாவது மூவரில் ஒருவர். இனிப்புநீர் இந்திய சமூகத்தில்தான் அதிகம். இனிப்புநீரும் கொழுப்பும் சேர்ந்தால் ரத்தக்குழாய்க்கு இரட்டை அடி.

வாழ்க்கை முறையும் மாறிவிட்டது. பால்மரக் காட்டில் விடியற்காலை தொடங்கி மேடு பள்ளம் ஏறி இறங்கியவர்களின் பிள்ளைகள் இன்று பாசிர் கூடாங் தொழிற்சாலையில் நின்ற இடத்தில் நிற்கிறார்கள், லோரி ஓட்டுகிறார்கள், மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போய் வருகிறார்கள். உழைப்பின் வகை மாறியது. நாசி லெமாக், ரொட்டி சானாய், கட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் ஆகியவற்றின் அளவு குறையவில்லை.

எந்தக் கொழுப்பு, எந்த எண்?

ரிப்போர்ட்டில் நான்கு எண்கள் இருக்கும். மொத்தக் கொழுப்பு, எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு, எச்டிஎல் எனப்படும் நல்ல கொழுப்பு, டிரைகிளிசரைட். மாத்திரை தேவையா என்று முடிவு செய்வதில் முக்கியமானது எல்டிஎல். இதுதான் ரத்தக்குழாயின் உட்சுவரில் படிந்து தடிமனாகிறது. அந்தப் படிவு ஒருநாள் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்தால் இதயத்தில் மாரடைப்பு, மூளையில் பக்கவாதம்.

'எல்டிஎல் இவ்வளவுதான் இருக்க வேண்டும்' என்று எல்லோருக்கும் பொதுவான ஓர் எண் கிடையாது. மலேசிய மருத்துவ வழிகாட்டி ஒருவருடைய ஆபத்தைப் பார்த்துத்தான் இலக்கை வைக்கிறது. 2023 வழிகாட்டியின்படி ஆபத்து குறைந்தவருக்கு எல்டிஎல் 3.0-க்குக் கீழ் இருந்தால் போதும். நடுத்தர ஆபத்து உள்ளவருக்கு 2.6. ஆபத்து அதிகம் உள்ளவருக்கு 1.8. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர் போன்ற மிக அதிக ஆபத்துக்காரருக்கு 1.4. அதனால்தான் அக்காவுக்கு 3.2 இருந்தும் மருந்து தராத டாக்டர், மாமாவுக்கு 2.4 இருந்தும் மருந்து எழுதுகிறார். டாக்டர் இருவருக்கும் வேறு வேறு நீதி பேசவில்லை. இருவரின் ஆபத்தும் வேறு.

இந்த மருந்து எப்படி வந்தது?

கொழுப்பு மாத்திரைகளில் பெரும்பாலானவை 'ஸ்டேட்டின்' வகையைச் சேர்ந்தவை. சிம்வாஸ்டேட்டின், அட்டோர்வாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டின் என்ற பெயர்களை உங்கள் மருந்து உறையில் பார்க்கலாம். 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானிய விஞ்ஞானி அக்கிரா எண்டோ பூஞ்சணத்திலிருந்து முதல் ஸ்டேட்டினைப் பிரித்தெடுத்தார். 1987-இல் லோவாஸ்டேட்டின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நம் உடலில் உள்ள கொழுப்பில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து வருவதில்லை. உடலே, குறிப்பாகக் கல்லீரல், அதை உற்பத்தி செய்கிறது. அந்த உற்பத்திக்குத் தேவையான ஒரு நொதியை ஸ்டேட்டின் தடுக்கிறது. தனக்குத் தேவையான கொழுப்பு குறைந்ததும் கல்லீரல் ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. ஒல்லியாக இருப்பவருக்கும், சைவம் சாப்பிடுபவருக்கும் கொழுப்பு ஏறுவது ஏன் என்ற கேள்விக்கும் பதில் இதுதான். உணவுக் கட்டுப்பாட்டால் எல்டிஎல் சுமார் 10 முதல் 15 விழுக்காடு குறையும். நடுத்தர அளவு ஸ்டேட்டின் 30 முதல் 50 விழுக்காடு வரை குறைக்கும்.

பலன் எவ்வளவு? எண்களில் பார்ப்போம்

'ஆபத்தை 30 விழுக்காடு குறைக்கும்' என்று படித்தால் நூறு பேரில் முப்பது பேர் பிழைப்பார்கள் என்று தோன்றும். அது அப்படியல்ல.

1994-இல் வெளியான ஸ்கண்டிநேவிய ஆய்வில் ஏற்கெனவே இதயநோய் வந்த 4,444 பேர் இருந்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில், வெற்று மாத்திரை சாப்பிட்ட ஒவ்வொரு நூறு பேரிலும் சுமார் 12 பேர் இறந்தார்கள். சிம்வாஸ்டேட்டின் சாப்பிட்டவர்களில் 8 பேர். அதாவது நூறு பேருக்கு நான்கு உயிர்.

1995-இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில் மாரடைப்பே வராத, ஆனால் கொழுப்பு அதிகமுள்ள 6,595 ஆண்கள் கலந்துகொண்டார்கள். ஐந்து ஆண்டுகளில் மாரடைப்போ இதயநோய் மரணமோ வந்தவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் நூறுக்கு 7.9 பேர், பிராவாஸ்டேட்டின் குழுவில் 5.5 பேர். விழுக்காட்டில் சொன்னால் 31 குறைவு. தலைக்கணக்கில் சொன்னால் நூறு பேருக்கு இரண்டு மூன்று பேர் தப்பினார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் மாத்திரை இல்லாமலும் அந்த ஐந்தாண்டைக் கடந்திருப்பார்கள்.

இரண்டு கணக்கும் உண்மை. எல்டிஎல் 1 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாத ஆபத்து ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்ட முடிவு. ஐந்தில் ஒரு பங்கு என்பது எதில் என்பதுதான் கேள்வி. ஆபத்து மலைபோல் இருப்பவருக்கு அதில் ஒரு பங்கு பெரிது. கடுகளவு இருப்பவருக்கு அதுவும் கடுகில் ஒரு பங்குதான். ஆண்டுகள் கூடக் கூடப் பலனும் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பக்கவிளைவுகள்: எது உண்மை, எது மிகை?

தசை வலி: அதிகம் பேசப்படுவது இதுதான். 2022-இல் ஸ்டேட்டின் ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது, மருந்து சாப்பிட்டவர்களில் 27.1 விழுக்காட்டினரும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 26.6 விழுக்காட்டினரும் தசை வலி என்றார்கள். அதாவது வலி என்று சொல்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வலியின் காரணம் மருந்தல்ல. பக்கவிளைவால் மருந்தை நிறுத்திய 60 பேரை வைத்து பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. சில மாதம் மருந்து, சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் ஒன்றுமில்லை. மருந்து சாப்பிட்டபோது வந்த தொந்தரவில் 90 விழுக்காடு வெற்று மாத்திரையிலும் வந்தது. வலி பொய்யில்லை, அவர்கள் நடிக்கவும் இல்லை. வலிக்கும் என்ற பயம் வலியாக உணரப்படுகிறது.

ஆனாலும் மீதியுள்ள ஒரு பங்கு உண்மையானது. அது பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் ஆண்டில், இரு தொடைகளிலும் இரு தோள்களிலும் ஒரேமாதிரி வலியாக வரும். அளவைக் குறைத்தாலோ வேறு ஸ்டேட்டினுக்கு மாறினாலோ பலருக்குச் சரியாகிவிடும்.

தசைச் சிதைவு: இது கடுமையானது, ஆனால் மிக அரிது. பத்தாயிரம் பேர் ஓராண்டு சாப்பிட்டால் ஒருவருக்கும் குறைவு. தாங்க முடியாத தசை வலி, பலவீனம், கோப்பி நிறத்தில் சிறுநீர் இவை சேர்ந்து வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும். இந்த அச்சத்துக்கு வரலாறும் உண்டு. செரிவாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டின் இந்தக் காரணத்தால் 2001 ஆகஸ்டில் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. அது இன்று எங்கும் விற்கப்படுவதில்லை.

இனிப்புநீர்: ஸ்டேட்டின் சர்க்கரையைச் சிறிது ஏற்றும் என்பது உண்மை. 2010-இல் வெளியான கணக்கின்படி 255 பேர் நான்கு ஆண்டுகள் சாப்பிட்டால் ஒருவருக்குக் கூடுதலாக இனிப்புநீர் வரும். அதே 255 பேரில் சுமார் ஐந்து பேருக்கு மாரடைப்போ இதயநோய் மரணமோ தவிர்க்கப்படும். ஏற்கெனவே சர்க்கரை எல்லையில் நிற்பவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் வருகிறது. நம்மவர்களில் அத்தகையோர் பலர். எனவே ஸ்டேட்டின் தொடங்குபவர்கள் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இனிப்புநீர் உள்ளவர் இதற்குப் பயந்து ஸ்டேட்டினை நிறுத்தக் கூடாது. அவருக்குத்தான் பலன் அதிகம்.

கல்லீரல்: நூறில் ஒருவர் அளவுக்கு ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதி ஏறும். பெரும்பாலும் அளவைக் குறைத்தால் இறங்கிவிடும். உண்மையான கல்லீரல் சேதம் மிக அரிது. கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்பது, பசியே இல்லாமல் போவது வந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

மறதி, புற்றுநோய்: பெரிய ஆய்வுகளில் இவை கூடியதாகத் தெரியவில்லை.

கர்ப்பம்: கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்திற்குத் திட்டமிடுபவர்களும் பாலூட்டும் தாய்மாரும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெரும்பாலோருக்கு மருந்து அப்போது நிறுத்தப்படும்.

நம் உடலுக்கு அளவு வேறு

2005-இல் சிங்கப்பூரில் நடந்த ஓர் ஆய்வு நமக்கு முக்கியமானது. ஒரே ஊரில் வாழும் வெள்ளையர், சீனர், மலாய்க்காரர், இந்தியருக்கு ஒரே அளவு ரோசுவாஸ்டேட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளையரோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு சீனருக்கு 2.3 மடங்கு, மலாய்க்காரருக்கு 1.9 மடங்கு, இந்தியருக்கு 1.6 மடங்கு இருந்தது. அதனால் ஆசியர்களுக்கு இந்த மருந்தை 5 மில்லிகிராமில் தொடங்குவது நல்லது என்று அறிவுறுத்தப்படுகிறது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் சாப்பிடும் அளவைப் பார்த்து நாமும் அதே அளவு கேட்கக் கூடாது.

அளவை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். ஒவ்வொரு இரட்டிப்புக்கும் எல்டிஎல் மேலும் 6 விழுக்காடு அளவுதான் இறங்கும். பக்கவிளைவு வாய்ப்போ ஏறும். அதனால் சிலருக்கு டாக்டர்கள் ஸ்டேட்டின் அளவை ஏற்றாமல், குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

சேர்க்கக் கூடாதவை

நம்மில் பலர் அரசாங்க கிளினிக்கில் ஒரு மருந்து, தனியார் கிளினிக்கில் ஒரு மருந்து, சீன மருந்துக்கடையில் ஒரு மருந்து என்று வாங்குகிறோம். ஆபத்து பெரும்பாலும் இங்கேதான் உருவாகிறது.

• சிம்வாஸ்டேட்டின் சாப்பிடுபவர் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக்குகளையும், கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் பூஞ்சை மாத்திரைகளையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. சளி காய்ச்சலுக்குத் தனியார் கிளினிக்கிற்குப் போனால் கொழுப்பு மாத்திரை சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

• ரத்த அழுத்தத்திற்கு அம்லோடிபின் சாப்பிடுபவருக்கு சிம்வாஸ்டேட்டின் 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது.

• ஜெம்ஃபைப்ரோசில் என்ற டிரைகிளிசரைட் மருந்து ஸ்டேட்டினோடு சேர்ந்தால் தசைச் சிதைவு ஆபத்து கூடும்.

• கிரேப்ஃபுரூட் பழச்சாறு சில ஸ்டேட்டின்களின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். லிமாவ் பாலி எனும் பம்ப்ளிமாஸும் அதே குடும்பம். அதிகமாகச் சாப்பிடுபவர்கள் மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

• 'சிவப்பு ஈஸ்ட் அரிசி' மாத்திரையை 'இயற்கை மருந்து' என்று விற்கிறார்கள். அதில் உள்ள மொனாக்கோலின் கே என்பது லோவாஸ்டேட்டினேதான். அதையும் கிளினிக் மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டால் இரண்டு ஸ்டேட்டின் சாப்பிடுவதாகும். ஒவ்வொரு மாத்திரையிலும் எவ்வளவு இருக்கிறது என்பதும் ஒரே சீராக இருப்பதில்லை.

யாருக்குக் கட்டாயம், யார் யோசிக்கலாம்?

மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள், 40 வயதைத் தாண்டிய இனிப்புநீர்க்காரர்கள், பரம்பரையாகக் கொழுப்பு மிக அதிகமாக உள்ள குடும்பத்தினர் ஆகியோருக்குப் பலன் பக்கவிளைவைவிடத் தெளிவாக அதிகம். பரம்பரைக் கொழுப்பு உலக அளவில் சுமார் 250 பேரில் ஒருவருக்கு உண்டு. அப்பாவோ அண்ணனோ ஐம்பது வயதுக்கு முன்பே மாரடைப்பில் போயிருந்தால் பிள்ளைகளும் பரிசோதிக்க வேண்டும்.

40 வயதுக்கு மேல், இனிப்புநீரோ இதயநோயோ இல்லை, கொழுப்பு மட்டும் சற்று அதிகம் என்பவர்களுக்கு அவசரமில்லை. வயது, ரத்த அழுத்தம், சிகரெட், எச்டிஎல் எல்லாவற்றையும் சேர்த்து அடுத்த பத்தாண்டு ஆபத்தை டாக்டர் கணக்கிடுவார். அது 10 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் முதலில் சாப்பாடு, நடை, சிகரெட்டை விடுவது ஆகியவற்றை முயன்று மீண்டும் பரிசோதிக்கலாம். 20-க்கு மேல் என்றால் மருந்து தேவை. இடையில் இருப்பவர்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்யலாம். 75 வயதைத் தாண்டி, இதயநோயே வராத பெரியவர்களுக்குப் புதிதாகத் தொடங்குவது பற்றிய சான்று குறைவு. அவர்களும் கேட்டு முடிவு செய்வதே சரி.

தாமாக நிறுத்துவதன் விலை

2013-இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் ஸ்டேட்டினைக் குறைகூறி ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அதன் பிறகு சுமார் 60,000 பேர் மருந்தை நிறுத்தியதாகவோ குறைத்ததாகவோ ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். நம்மிடம் அந்த வேலையை வாட்ஸ்அப் செய்கிறது. கொழுப்பு ஏறினால் வலிக்காது, தலை சுற்றாது. மாத்திரையை நிறுத்தினால் 'நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று தோன்றும். சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்திற்கே திரும்பிவிடும். மாரடைப்பு வந்தவர் நிறுத்துவது மிக ஆபத்து.

மருந்து அடிமையாக்குவதில்லை. நிறுத்தினால் கொழுப்பு ஏறுவதற்குக் காரணம், கல்லீரல் தன் பழைய வேலையைத் தொடங்குவதுதான்.

ஷிப்ட் வேலையும் கிளினிக் தேதியும்

சிம்வாஸ்டேட்டின் இரவில் சாப்பிட வேண்டிய மருந்து. அட்டோர்வாஸ்டேட்டினையும் ரோசுவாஸ்டேட்டினையும் எந்த நேரத்திலும் சாப்பிடலாம், தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும். இரவு ஷிப்ட் செய்பவர்களும், விடியுமுன் சிங்கப்பூருக்குக் கிளம்புபவர்களும் இரவு மருந்தை மறந்துவிடுகிறார்கள். டாக்டரிடம் வேலை நேரத்தைச் சொன்னால் மாற்று மருந்தை யோசிக்கலாம். ஒருநாள் தவறினால் மறுநாள் இரண்டாகச் சாப்பிடாதீர்கள்.

செலவுக்குப் பயப்படத் தேவையில்லை. மலேசியக் குடிமக்கள் அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டணத்தில் டாக்டரைப் பார்த்து மருந்தும் பெறலாம். சும்பாங்கான் துனாய் ரஹ்மா உதவி பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்களின் துணைவரும் பெக்கா பி40 திட்டத்தில் கொழுப்பு உட்பட ரத்தப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. என் பத்தாண்டு ஆபத்து எவ்வளவு? மாத்திரை சாப்பிட்டால் அது எவ்வளவாகும்?
2. எனக்கு எல்டிஎல் இலக்கு என்ன?
3. நான் சாப்பிடும் மற்ற மருந்துகளோடு இது ஒத்துப்போகுமா?
4. எத்தனை மாதத்தில் மீண்டும் ரத்தப் பரிசோதனை?
5. வலி வந்தால் யாரை அழைப்பது?

போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சாப்பிடாமல் விட்ட நாள்களையும் மறைக்காதீர்கள். மாத்திரை வேலை செய்யவில்லை என்று டாக்டர் நினைத்தால் அளவை ஏற்றிவிடுவார். அப்போது அலமாரியில் கிடந்த மருந்துக்காக உங்கள் உடல் கூடுதல் அளவைச் சுமக்க நேரிடும்.

இது பொதுவான தகவல். உங்கள் மருந்தைத் தொடங்குவதும் மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டரைக் கேட்டே நடக்கட்டும்.